தோற்ற பிறகும் ஒரு சுற்று



ஒலிம்பிக்கில் பெண்கள் மல்யுத்தம் வந்ததே 2004-ல் தான். அதில் பதக்கம் வாங்கிய முதல் இந்தியப் பெண் சாக்‌ஷி மாலிக். பிறந்தது 1992-ல், ஹரியானாவில் ரோத்தக் பக்கம் மோக்ரா கிராமம். அப்பா டெல்லியில் பஸ் கண்டக்டர். 12 வயதில் ஈஸ்வர் தாஹியாவிடம் பயிற்சிக்குச் சேர்ந்தார். பொம்பளப் பிள்ளைக்குக் குஸ்தி எதுக்கு என்ற எதிர்ப்பும் கூடவே வந்தது.

2016 ரியோ, 58 கிலோ பிரிவு. காலிறுதியில் ரஷ்யாவின் கோப்லோவாவிடம் 2-9 என்று தோற்றார். அத்தோடு முடிஞ்சுதா? இல்லை. மல்யுத்தத்தில் 'ரெப்பசாஜ்' என்றொரு விதி உண்டு. நம்மை ஜெயித்தவர் ஃபைனலுக்குப் போனால், நமக்கு வெண்கலத்துக்கு மறுவாய்ப்பு. நம்ம அரியர் மாதிரி என்பீர்கள். அரியருக்குப் பணம் கட்டினால் எழுதலாம். இது அடுத்தவர் ஜெயித்தால்தான் கிடைக்கும்!

கோப்லோவா ஃபைனல் போனார். சாக்‌ஷி முதலில் மங்கோலிய வீராங்கனையை 12-3 என்று வென்றார். அடுத்து கிர்கிஸ்தானின் டினிபெகோவா. முதல் 3 நிமிடம் முடிந்தபோது 0-5. அடுத்த 3 நிமிடத்தில் 8-5, வெண்கலம்!

2022 பர்மிங்காம் காமன்வெல்த் போட்டியில் தங்கம். சக வீராங்கனைகளுக்கு நீதி கேட்டுத் தெருவில் உட்கார்ந்து போராடியவர், 2023 டிசம்பரில் ஆட்டத்தை விட்டே விலகினார்.

எங்க வீட்டில் காலேஜ் வாசல் மிதித்த முதல் ஆள் நான். மறுவாய்ப்பு வருமா என்பது நம் கையில் இல்லை. வரும்போது தயாரா நிக்கிறது மட்டும் நம் கையில்தான், நண்பர்களே!