வேதா, புகையா, மெஷினா? மூலிகை ஆவிக்கு எதை வாங்கலாம்?

மார்கழி பிறந்தால் போதும். மேற்கு மலையிலிருந்து இறங்குகிற குளிர்காற்று ராஜபாளையத்தைத் தொட்டதுமே என் கிளினிக்கில் மூக்கடைத்த குரல்கள்தான் கேட்கும். ஸ்ரீவில்லிபுத்தூரிலோ இன்னும் விசேஷம்! விடியற்காலையில் தலைக்குக் குளித்து, ஈரத் தலையோடு ஆண்டாள் கோயிலுக்குப் போய்வந்தவர்கள் ஒன்பது மணிக்கெல்லாம் தும்மிக்கொண்டே வந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

அப்படி வந்தவர்தான் ஓய்வுபெற்ற அந்த டீச்சரம்மா. கையில் ஒரு பெரிய துணிப்பை. அதிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து என் மேஜைமேல் வைத்தார். மருமகள் வாங்கிய பிளாஸ்டிக் வேப்பரைசர். பக்கத்து வீட்டில் இரவல் கொடுத்த நெபுலைசர். பழைய பித்தளைத் தூபக்கால். கடைசியாக, பெங்களூரில் வேலை பார்க்கும் பேரன் விட்டுப்போன பேனா மாதிரி ஒரு கருவி. "காய்ந்த மூலிகையை உள்ளே போட்டு இழுக்கணுமாம். ஹெர்பல்தான் பாட்டி, ஒண்ணும் செய்யாதுங்கிறான்."

"தம்பி, இதுல எதை வச்சுக்கிடலாம், எதைத் தூக்கிப் போடணும்? ஒரே வார்த்தையில சொல்லிருங்க" என்றார்.

ஒரே வார்த்தையில் சொல்ல முடியவில்லை. அவரிடம் அரைமணி நேரம் பேசியதைத்தான் உங்களுக்கும் எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயத்தைப் புரிந்துகொள்ளுங்கள். மூலிகையை மூக்குக்கு அனுப்ப மூன்று வழி உண்டு. தண்ணீரில் கொதிக்கவைப்பது, நெருப்பில் எரிப்பது, எரியாமல் வெறுமனே சூடு காட்டுவது. கொதிக்கிற தண்ணீர் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது. நெருப்புக் கங்கோ 600, 700 டிகிரிக்கும் மேலே போகும். நடுவில் 200 டிகிரி சுமாரில் காய்ந்த இலையைச் சுட வைப்பதுதான் அந்தப் பேனாக் கருவி. சித்த மருத்துவத்தில் புற மருந்துகள் 32 வகை. அதில் 'வேது' தனி, 'புகை' தனி என்று பிரித்தே வைத்திருக்கிறார்கள். பாளையங்கோட்டைக் கல்லூரியில் படிக்கும்போது இதைப் பரீட்சைக்காக மனப்பாடம் செய்தேன். ஏன் பிரித்தார்கள் என்பது தொழிலுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

எரிந்தால் மூலிகை மூலிகையாக இருக்காது. துளசியை எரித்தாலும் சரி, வேப்பிலையை எரித்தாலும் சரி, கிடைப்பது கரித்துகள், தார், கார்பன் மோனாக்சைடு. விறகுப் புகையில் இருக்கிற அதே சரக்குதான்! 'இது மூலிகைப் புகை, நுரையீரலுக்கு நல்லது' என்று யாராவது சொன்னால், அந்த நுரையீரல் இலையின் பெயரைக் கேட்டு ஆள் பார்த்து நடந்துகொள்ளாது என்று சொல்லுங்கள்.

பிறந்த குழந்தையைக் குளிப்பாட்டிச் சாம்பிராணிப் புகை காட்டும் வழக்கம் நம் பக்கத்தில் இன்னும் இருக்கிறது. பாட்டிமார்கள் கோபித்துக்கொள்ளக்கூடாது. அந்தப் பிஞ்சு நுரையீரலுக்குப் புகை ஆகாது. அதுவும் இப்போது கடையில் விற்கிற கம்ப்யூட்டர் சாம்பிராணியில் கரித்தூளும் வாசனைச் சரக்கும் சேர்ந்திருக்கும். தலையைத் துணியால் நன்றாகத் துவட்டினாலே போதும், ஈரம் போய்விடும். கதவைச் சாத்திக்கொண்டு கங்கு போட்ட தூபக்காலை அறைக்குள் வைப்பது பெரியவர்களுக்கும் ஆபத்துதான். தூபக்கால் பூஜைக்கு இருக்கட்டும். ஜன்னல் திறந்திருக்கட்டும்.

'அப்படியானால் புகையால் எந்த மருந்துமே வேலை செய்ததில்லையா டாக்டர்?' என்று கேட்பீர்கள். செய்திருக்கிறது. ஊமத்தை இலைப் புகையை ஆஸ்துமாவுக்கு இழுப்பது நம் நாட்டுப் பழக்கம். சென்னையில் கும்பெனியாரின் தலைமை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் மூலம் இதைத் தெரிந்துகொண்ட ஜெனரல் ஜென்ட் என்ற படை அதிகாரி, 1802 வாக்கில் பிரிட்டனுக்குக் கொண்டுபோனார். அங்கே அது பரவி, இருபதாம் நூற்றாண்டிலும் ஊமத்தை சேர்த்த 'ஆஸ்துமா சிகரெட்' மருந்துக் கடைகளில் விற்றது. ஊமத்தையில் அட்ரோபின் என்ற சத்து இருக்கிறது. சுருங்கிய மூச்சுக் குழாயை அது விரிக்கும். அந்த அட்ரோபின் வழியில் செய்ததுதான் இன்று டாக்டர்கள் இன்ஹேலரில் கொடுக்கிற இப்ராட்ரோபியம். ஆனால் இன்ஹேலரில் அளவு உண்டு. இலையில் ஏது அளவு? ஒரு செடிக்கும் அடுத்த செடிக்குமே வீரியம் மாறும்.

பல வருஷங்களுக்கு முன் ஒரு நூற்பாலைத் தொழிலாளியை அவர் மனைவியும் மச்சானும் தாங்கிப் பிடித்துக் கூட்டிவந்தார்கள். கண்மணி விரிந்து, நாக்கு வறண்டு, யாருமே இல்லாத மூலையைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். மூச்சு முட்டுகிறதென்று யாரோ சொன்னதைக் கேட்டு ஊமத்தை இலையைச் சுருட்டிக் குடித்திருக்கிறார். உடனே அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன், பிழைத்தார். பிறகு விசாரித்தபோதுதான் தெரிந்தது. வார லீவு முடிந்து வேலைக்குப் போகிற முதல் நாள்தான் நெஞ்சு இறுகுமாம். அது பஞ்சுத் தூசி நோய். பிசினோசிஸ் என்பார்கள். நூற்பாலைகளும் தறிகளும் நிறைந்த நம் பகுதியில், இப்படி வேலைநாளோடு சேர்ந்து வருகிற மூச்சிறுக்கத்தை ஒருபோதும் வீட்டு வைத்தியத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். நுரையீரல் ஊதிப் பார்க்கும் பரிசோதனை செய்தாக வேண்டும்.

சரி, வேதுக்கு வருவோம். தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆவி பிடிப்பதில் மூலிகையிலிருந்து எது மேலே வரும் தெரியுமா? எளிதில் ஆவியாகிற வாசனை எண்ணெய் மட்டும்தான். நொச்சி, துளசி, ஓமவல்லி, யூகலிப்டஸ் இலைகளில் அது இருக்கிறது. கசக்கினால் கை மணக்கிறதல்லவா, அதுதான் அடையாளம். ஆடாதோடையைச் சட்டியில் போட்டு ஆவி பிடிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வீண்! அதிலுள்ள வாசிசின் ஆவியில் ஏறாது, சட்டியிலேயே தங்கிவிடும். ஆடாதோடையைக் குடிநீராகக் காய்ச்சிக் குடிக்க வேண்டும், அதுவும் கர்ப்பிணிகளுக்கு ஆகாது. (இந்த வாசிசினைப் பார்த்துச் செய்ததுதான் இருமல் டானிக்குகளில் வருகிற ப்ரோம்ஹெக்சின்.) மஞ்சள் தூளும் அப்படித்தான். சட்டித் தண்ணீர் மஞ்சளாகும், மேலே வருகிற ஆவி நிறமில்லாமல்தான் வரும். பார்த்தாலே புரிந்துவிடும்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். வேது பிடித்தால் ஜலதோஷம் சீக்கிரம் குணமாகும் என்பதற்கு ஆராய்ச்சிகளில் உறுதியான சான்று கிடைக்கவில்லை. மூக்கில் உறைந்த சளி இளகும், ஒரு அரைமணி நேரம் ஆறுதலாக இருக்கும். அதற்காகச் செய்யலாம், தப்பில்லை. நீராவி மூக்கிலும் தொண்டையிலும் பட்டதுமே குளிர்ந்து தண்ணீராகிவிடும். நுரையீரலின் ஆழத்துக்குப் போய்க் கிருமியைக் கொல்லாது. கொரோனா இரண்டாவது அலையில், 2021 மே மாதம், சில இடங்களில் பொதுமக்களுக்கு ஆவி பிடிக்கும் இயந்திரம் வைத்தார்கள். பொது இடத்தில் ஆவி பிடிக்க வேண்டாம் என்று அப்போதைய சுகாதார அமைச்சர் மா.சுப்பிரமணியனே கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று.

இப்போது டீச்சரம்மாவின் பிளாஸ்டிக் வேப்பரைசர். அதைக் கவிழ்த்து உள்ளே பார்த்தேன். இரண்டு கறுப்புக் குச்சிகள் தண்ணீருக்குள் இறங்குகிற மாதிரி இருந்தது. இந்த வகையில் கரண்ட் தண்ணீர் வழியாகவே பாய்ந்து சூடாக்கும். ஆவி வரவில்லையென்றால் ஒரு சிட்டிகை உப்புப் போடச் சொல்வார்கள். சுவிட்ச் போட்டிருக்கும்போது அந்தத் தண்ணீரைத் தொட்டால் ஷாக்! வாங்குவதாக இருந்தால் தண்ணீருக்கும் கரண்டுக்கும் தொடர்பில்லாத, அடியில் சூடாகிற தட்டு வைத்த மாடலாக வாங்குங்கள். தண்ணீர் வற்றினால் தானே அணைந்துவிட வேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அடிப்பாகம் அகலமாக இருக்கட்டும், கை பட்டால் சாயக்கூடாது. உள்ளே இலையையோ பொடியையோ போடாதீர்கள். அடியில் ஒட்டிக் கருகும், பொங்கித் தெறிக்கும். வெறும் தண்ணீரே போதும்.

தைலமும் சூடமும் மணப்பதால் நல்லது என்று நினைக்கவேண்டாம். சூடமும் யூகலிப்டஸ் தைலமும் வலிப்பைத் தூண்டக்கூடியவை. வலிப்பு நோய் உள்ளவர்கள் பக்கத்திலேயே போகக்கூடாது. கைக்குழந்தையின் மூக்கில், நெஞ்சில் இவற்றைத் தடவவே வேண்டாம். குழந்தை கொஞ்சம் விழுங்கிவிட்டாலும் உயிருக்கு ஆபத்து. பாட்டிலை உயரத்தில் வையுங்கள்.

நெபுலைசரைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. "இதுல துளசிக் கஷாயத்தை ஊத்தலாமான்னு பக்கத்து வீட்டுல கேக்கச் சொன்னாங்க" என்றார். ஐயோ, வேண்டவே வேண்டாம்! வேப்பரைசரும் நெபுலைசரும் ஒரே ஜாதியில்லை. நெபுலைசர் சூடாக்குவதில்லை. காற்றழுத்தத்தால் மருந்தை மிக நுண்ணிய துளியாக்கி நுரையீரலின் அடிவரை கொண்டுபோகிறது. அதனால்தான் அதில் கிருமி நீக்கிய மருந்து மட்டும் போக வேண்டும். கஷாயத்தின் தூசும் கிருமியும் உள்ளே போனால் தொற்று வரும். எண்ணெய்த் துளி போனால் நிமோனியா மாதிரி நுரையீரல் அழற்சியே வரலாம். டாக்டர் எழுதிக்கொடுத்த மருந்து, உங்கள் சொந்த மாஸ்க். இரண்டும் இல்லையென்றால் இரவலைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வீஸிங் உள்ளவர்களுக்கு வேது மருந்தே இல்லை, சிலருக்குச் சூடான ஆவி இழுப்பைக் கூட்டிவிடும். ஒரு வாக்கியத்தைப் பேசி முடிக்க முடியாமல் மூச்சு வாங்கினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, குழந்தைக்கு விலா உள்வாங்கினாலோ நேராக ஆஸ்பத்திரி.

அந்தப் பேனா? எரிப்பதைவிடச் சூடாக்குவதில் தார் குறைவு என்பது வாஸ்தவம்தான். வெளிநாடுகளில் பெரும்பாலும் கஞ்சாவுக்காகப் பழக்கத்துக்கு வந்த கருவி இது. அங்கே 'காற்றைச் சூடாக்குவது நல்லதா, தட்டைச் சூடாக்குவது நல்லதா' என்று மாடல் மாடலாக ஒப்பிட்டு வாங்குகிறார்கள். நமக்கு அந்தக் கவலையே வேண்டாம். மின்னணு சிகரெட்டைத் தடை செய்யும் 2019-ஆம் ஆண்டுச் சட்டம், நிகோடின் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒரு பொருளைச் சூடாக்கி உறிஞ்சவைக்கும் மின் கருவிகளை வளைத்துப் பிடிக்கிறது. மருந்தாக லைசென்ஸ் பெற்றவற்றுக்கு மட்டும்தான் விலக்கு. விற்றால் முதல் தடவைக்கே ஓராண்டுவரை சிறை அல்லது ஒரு லட்சம்வரை அபராதம், அல்லது இரண்டும். நான் கேட்டது வேறு: "பேரன் அதுல என்ன மூலிகையைப் போடுறான்னு கேட்டீங்களாம்மா?" அவர் சற்று நேரம் பேசவில்லை. "கேக்கணும்" என்றார்.

காய்ந்த மூலிகைதான் வேண்டுமென்றால் நம்மிடம் நெருப்பும் கரண்டும் இல்லாத கருவியே இருக்கிறதே! ஒரு ஸ்பூன் ஓமத்தை வெறும் சட்டியில் லேசாகச் சூடு காட்டி, ஒன்றிரண்டாக இடித்து, மெல்லிய வெள்ளைத் துணியில் பொட்டணமாக முடிந்து, உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து மோந்து பாருங்கள். ஓமத்திலுள்ள தைமால் சாதாரணச் சூட்டிலேயே ஆவியாகும். கருஞ்சீரகமும் இப்படியே செய்யலாம். மணம் குறைந்தால் மறுநாள் புதிதாக முடிந்துகொள்ளுங்கள். செலவு இரண்டு ரூபாய்கூட ஆகாது. நான் டீச்சரம்மாவுக்குச் சொன்னது இதைத்தான். கைக்குழந்தைக்கு மட்டும் இதுவும் மூக்கருகில் வேண்டாம்.

மீதி இருப்பது நம் பழைய சட்டியும் போர்வையும். இதைப் பற்றி எழுத எனக்குக் கை கூசுகிறது. தொழிலுக்கு வந்த புதிதில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தாயிடம் "பிள்ளைக்கு நொச்சி வேது பிடிம்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். எப்படி என்று சொல்லவில்லை. ஐந்து வயதுப் பையன். கட்டில்மேல் சட்டியை வைத்து, மடியில் பிள்ளையை உட்காரவைத்துப் போர்வையை மூடியிருக்கிறாள். மூச்சு முட்டியதும் அவன் காலை உதைத்தான். இரண்டு தொடையும் வெந்துபோயிற்று. வடு இன்றைக்கும் இருக்கிறது. பிழை அந்தத் தாயுடையதல்ல, அவசரத்தில் பாதி சொல்லி அனுப்பிய என்னுடையது. அன்றிலிருந்து சிறு பிள்ளைகளுக்கு நான் வேது சொல்வதே இல்லை.

பெரியவர்கள் பிடிப்பதானால் கேளுங்கள். சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி, கொதி அடங்கும்வரை இரண்டு மூன்று நிமிஷம் விடுங்கள். தரையிலோ அசையாத மேஜையிலோ வையுங்கள். மடியில், கட்டிலில், பிளாஸ்டிக் நாற்காலியில் கூடாது. முகத்துக்கும் சட்டிக்கும் ஒரு முழம் இடைவெளி. கனத்த போர்வை வேண்டாம், ஒரு துண்டு போதும், பக்கவாட்டில் திறந்திருக்கட்டும். கண்ணை மூடிக்கொள்ளுங்கள். ஐந்து நிமிஷம், நாளைக்கு ஒன்று அல்லது இரண்டு தடவை. ரத்தக்கொதிப்பு கட்டுப்படாதவர்களும் தலைசுற்றல் உள்ளவர்களும் தனியாகப் பிடிக்கவேண்டாம். முடிந்ததும் முதல் வேலை, அந்தத் தண்ணீரைக் கொட்டுவது.

தப்பித்தவறிச் சுட்டுவிட்டால் இங்க், பேஸ்ட், மஞ்சள், நெய் எதையும் அப்பாதீர்கள். நகை, உடையைச் சட்டென்று கழற்றிவிட்டு, சுட்ட இடத்தைக் குழாய்த் தண்ணீரில் இருபது நிமிஷம் காட்டுங்கள். ஐஸ் வேண்டாம். கொப்புளத்தை உடைக்கவேண்டாம். நம் சத்திரப்பட்டித் தறியில் நெய்கிற காஸ் துணி இருக்கிறதே, கிருமி நீக்கிய அந்தப் பாக்கெட் ஒன்று எப்போதும் வீட்டில் இருக்கட்டும். அதைத் தளர்வாக மூடி, குழந்தையென்றால் புண் சின்னதாகத் தெரிந்தாலும் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போய்விடுங்கள்.