புகைக்கும் நெருப்புக்கும் நடுவே ஒரு வரி

வாதக் கட்டுரை எழுதப் பழகும் உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு

சனிக்கிழமைதோறும் சிங்கப்பூரின் தேக்காவுக்குப் பக்கத்தில் ஒரு மாடியறையில் உட்கார்ந்து கட்டுரை திருத்துகிறேன். ஆசிரியர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் சிவப்புப் பேனா என்னை விடவில்லை. எழுத்துப்பிழையைப் பற்றி இப்போது நான் அதிகம் கவலைப்படுவதில்லை. கருத்து ஒரு பக்கம் இருக்கிறது, சான்று ஒரு பக்கம் இருக்கிறது, இரண்டும் எம்ஆர்டியில் தோளோடு தோள் உட்கார்ந்து பேசிக்கொள்ளாமல் போகும் பயணிகளைப் போல இருக்கின்றன. கவலை அதுதான். இரண்டையும் பேச வைக்க எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

1. மறுக்கக்கூடிய ஒன்றைச் சொல்லுங்கள்.

"தமிழ் இனிமையான மொழி" என்று தொடங்கினால் யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். யாரும் மறுக்காத ஒன்றுக்குச் சான்றும் தேவையில்லை. "சிங்கப்பூரில் தமிழ்ப் புழக்கம் குறைகிறது, அதை நிறுத்த வேண்டிய இடம் பள்ளியல்ல, வீடு" என்று சொல்லிப் பாருங்கள். கோப்பிக்கடையில் பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்ப்பார். கட்டுரைக்கு அப்போதுதான் வேலை வருகிறது.

2. சான்று தானாகப் பேசாது.

இந்தத் தலைப்பைக் கொடுத்தால் என்னிடம் தவறாமல் வரும் பத்தி இது: "தமிழ்ப் புழக்கம் குறைந்து வருகிறது. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 2.5 விழுக்காட்டினரே வீட்டில் தமிழை அதிகம் பேசுகின்றனர். எனவே நாம் தமிழில் பேச வேண்டும்."

ஒவ்வொரு வாக்கியமும் சரிதான். ஆனால் பத்தி நிற்கவில்லை. ஒரே ஒரு புகைப்படத்தைக் காட்டி, "பையன் இளைத்துவிட்டான்" என்று சொல்ல முடியுமா? பழைய படமும் வேண்டும். 2010இல் அந்த அளவு 3.3 விழுக்காடு. இரண்டையும் பக்கத்தில் வைத்தால்தான் குறைவு கண்ணுக்குத் தெரியும்.

அப்போதும் ஒருவர் கேட்பார்: "இந்தியர்களே குறைந்துபோனதால் வந்த சரிவாக இருக்கலாமே?" நியாயமான கேள்வி. ஆனால் அந்தப் பத்தாண்டில் மக்கள்தொகையில் இந்தியர் பங்கு 9.2 விழுக்காட்டிலிருந்து 9 ஆனது, அவ்வளவே. இந்தியர்களுக்குள் வீட்டில் தமிழை அதிகம் பேசுவோர் 36.7இலிருந்து 27.9 விழுக்காட்டுக்கு இறங்கினர். ஆங்கிலத்தை அதிகம் பேசுவோர் 41.6இலிருந்து 59.2க்கு ஏறினர். இப்போதுதான் "மாற்றம் வீட்டுக்குள் நடந்திருக்கிறது" என்று எழுதும் உரிமை உங்களுக்கு வருகிறது.

3. எண் எதை அளந்தது என்று கேளுங்கள்.

கணக்கெடுப்பு கேட்டது, "வீட்டில் மிக அதிகமாகப் பேசும் மொழி எது?" என்று. "உங்களுக்குத் தமிழ் தெரியுமா?" என்று அல்ல. இந்த விழுக்காடு ஐந்து வயதும் அதற்கு மேலும் ஆன குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும் பற்றியது. ஞாயிற்றுக்கிழமை மாலை ரேஸ் கோர்ஸ் ரோட்டில் நடந்து பாருங்கள். அங்கே வேலை அனுமதியில் வந்த தொழிலாளர்கள் பேசும் தமிழ் அந்த 2.5க்குள் இல்லை. ஆகவே "சிங்கப்பூரில் தமிழ் சாகிறது" என்ற வாக்கியத்தை இந்த எண் தாங்காது. "குடியிருப்போர் வீடுகளில் தமிழ் முதலிடத்தை இழந்து வருகிறது" என்பதைத் தாங்கும். கருத்து எவ்வளவு பெரியதோ அந்த அளவுக்குச் சான்று தேடுங்கள். கிடைக்கவில்லையா, கருத்தைச் சுருக்குங்கள். அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

4. சான்றையும் கருத்தையும் இணைக்கும் நடுவரிக்கு நம்மிடம் பழைய பெயர் உண்டு.

மணிமேகலைக் காப்பியத்தின் 29ஆம் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவை நூல் (தருக்கம்) கற்பிக்கிறார். அங்கே வாதத்தின் உறுப்புகள் ஐந்து வருகின்றன: பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம். எளிதாகச் சொன்னால், மலையில் நெருப்பு இருக்கிறது (பக்கம்), ஏனென்றால் புகை தெரிகிறது (ஏது), அடுக்களையில் நாம் பார்த்ததுபோல (திட்டாந்தம்), இந்த மலையிலும் அதே புகைதான் (உபநயம்), ஆகவே நெருப்பு உண்டு (நிகமனம்).

பிள்ளைகள் விட்டுவிடுவது நான்காவதான உபநயத்தை. நடுவரி அதுதான். அடுக்களையைச் சொல்வார்கள், உடனே முடிவுக்குத் தாவுவார்கள். அடுக்களைக்கும் இந்த மலைக்கும் என்ன சம்பந்தம் என்று சொல்வதில்லை. கடைசி இரண்டும் திட்டாந்தத்துக்குள்ளேயே அடங்கும் என்று அந்தக் காப்பியமே சொல்கிறது. தேர்ந்தவர்களுக்கு அது போதும். பழகுகிறவர்கள் ஐந்தையும் தனித்தனியே எழுதுங்கள்.

5. புகையைக் கண்டதும் நெருப்பின் முகவரியை எழுதாதீர்கள்.

2013 ஜூன் 21 அன்று சிங்கப்பூரின் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 401ஐத் தொட்டது. எதிர்ப் புளோக் தெரியாத அளவுக்குப் புகைமூட்டம். புகை உண்மை, எண்ணும் உண்மை. ஆனால் நெருப்பு இங்கே இல்லை, கடலுக்கு அப்பால் சுமத்ராவில் எரிந்தது. இரண்டையும் இணைத்தது காற்று. கொசு மருந்து அடிக்கும்போது வரும் புகைக்கோ எங்குமே நெருப்பில்லை. உங்கள் சான்றிலிருந்து கருத்துக்கு எந்தக் காற்று வீசுகிறது என்பதைக் கட்டுரையில் எழுதிக் காட்டுங்கள்.

6. தெருப்பெயரில் பழகுங்கள்.

தேக்கா இருக்கும் லிட்டில் இந்தியாவில் பஃபலோ ரோடு இருக்கிறது. கெர்பாவ் ரோடும் இருக்கிறது. மலாயில் கெர்பாவ் என்றாலும் எருமைதான். பெலிலியோஸ் ரோட்டுக்குக் கல்கத்தாவிலிருந்து வந்த மாட்டு வணிகர் ஒருவரின் பெயர். இவை சான்றுகள். "மாட்டு வணிகம் இந்த வட்டாரத்தை இந்தியர் வட்டாரமாக்கியது" என்பது கருத்து. நடுவில் என்ன எழுதுவீர்கள்?

ரோச்சோர் ஆற்றை ஒட்டிய சதுப்பு நிலத்தில் புல்லும் தண்ணீரும் இருந்தன, ஆகவே 19ஆம் நூற்றாண்டில் கொட்டில்கள் வந்தன. மாட்டைப் பார்க்க ஆள் வேண்டும், அந்த வேலைக்கு இந்தியர்கள் வந்தார்கள். குடியேறியவர்களுக்கு மளிகையும் கோயிலும் வேண்டும், கடைகளும் கோயில்களும் வந்தன. எருமையிலிருந்து மல்லிகைப்பூக் கடைவரை ஒவ்வொரு படியாக இறங்கி வருகிறோம். ஒரு படியை உருவிப் பாருங்கள், தெருப்பெயர் வெறும் பலகையாகிவிடும்.

7. குறளைச் சாட்சிக் கூண்டில் ஏற்றாதீர்கள்.

மனப்பாடம் செய்த குறளையும் பழமொழியையும் எங்காவது வைத்துவிட வேண்டும் என்ற தவிப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் இன்றைய தேக்கா நிலவரத்துக்கு வள்ளுவர் சாட்சியல்ல. எது நடந்தது என்பதற்கு எண்ணையும் நிகழ்வையும் காட்டுங்கள். எது நல்லது என்று வாதிடும் இடத்தில் வள்ளுவரை அழையுங்கள், அங்கே அவருக்கு முழு அதிகாரம் உண்டு.

8. உங்களுக்கு எதிரான சான்றை நீங்களே எடுத்து வையுங்கள்.

அதே 2020 கணக்கெடுப்பில் இன்னொரு செய்தி உண்டு. வீட்டில் ஆங்கிலத்தை அதிகம் பேசுவோரில் 87 விழுக்காட்டினர் தாய்மொழி ஒன்றையும் பேசுகிறார்கள். இது எல்லா இனத்தாரையும் சேர்த்த கணக்கு. இதை ஒளித்தால் படிப்பவர் கண்டுபிடிப்பார். எடுத்து வைத்து, "தமிழும் வீட்டை விட்டுப் போகாமல் இரண்டாவது நாற்காலிக்கு நகர்ந்திருக்கலாம், அப்படியானால் அதை முதல் நாற்காலிக்கு அழைக்க வேண்டியவர்களும் வீட்டில் இருப்பவர்களே" என்று எழுதினால், எதிராக வந்த சான்று உங்களுக்காகப் பேசும்.

9. "அதனால் என்ன?" என்று கேளுங்கள்.

இளவயதில் ஒரு விவாதப் போட்டியில் பதினொரு சான்றுகளை மூச்சுவிடாமல் அடுக்கினேன். இரண்டே சான்று சொன்ன ஒரு பெண்ணிடம் தோற்றேன். நடுவராக வந்த பெரியவர் தோளில் கைவைத்து, "தம்பி, சாமானெல்லாம் வாங்கிட்டு வந்துட்டே. சமைக்கத்தான் இல்லே" என்றார். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

அவர் சொன்ன சமையல் நடந்திருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி இருக்கிறது. எழுதிய பத்தியில் சான்றுக்குப் பின் வரும் வரியைக் கையால் மூடுங்கள். மூடியபோதும் பத்தி முன்போலவே இருந்தால், அந்த வரி எதையும் சொல்லவில்லை. "இதிலிருந்து நன்கு தெரிகிறது" என்பது பெரும்பாலும் அப்படிப்பட்ட வரிதான். "எனவே" என்ற சொல்லும் பாலமல்ல. பாலம் கட்டி முடித்தபின் மாட்டும் பெயர்ப்பலகை அது.

கணக்கெடுப்பின் எண்கள் எல்லோருக்கும் பொது. வகுப்பில் எல்லோரும் அதே 2.5ஐத்தான் எழுதப்போகிறீர்கள். அடுத்த சனிக்கிழமை அந்தப் பத்தியைத் திரும்ப எழுதிக்கொண்டு வாருங்கள். எண்ணை ஒருமுறை சரிபார்த்துவிட்டு, நான் அதற்கு அடுத்த வரியைப் படிப்பேன்.