பெயர்ப்பட்டியலுக்குள் ஒரு நற்செய்தி

டிசம்பர் 17ஆம் நாள் திருப்பலிக்குச் சென்றிருப்பவர்களுக்கு இது தெரியும். மத்தேயு நற்செய்தியின் முதல் 17 வசனங்களைக் குருவானவர் வாசிக்கத் தொடங்கியதும் கோவிலில் மெல்லச் சலிப்புப் பரவும். செயல்தியேல், செருபாபேல், எலியாக்கிம், அசோர் என்று பெயர்கள் நீண்டுகொண்டே போகும். இதில் நமக்கு என்ன இருக்கிறது என்று நானும் பல்லாண்டுகள் எண்ணியதுண்டு.

முதலில், இது எவ்வகை எழுத்து என்று பார்க்க வேண்டும். விவிலிய ஆசிரியர்கள் கையாண்ட இலக்கிய வகைகளை அறிந்தே பொருள் காண வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் இறைவெளிப்பாடு பற்றிய ஏட்டில் வலியுறுத்தியது. மத்தேயு தருவது பிறப்புப் பதிவேடு அன்று. ஆபிரகாம் முதல் தாவீது வரை 14 தலைமுறை, அடுத்து பாபிலோன் நாடுகடத்தல் வரை 14, பின் கிறிஸ்து வரை 14 என அவர் வகுக்கிறார். எபிரேய எழுத்துகளுக்கு எண்மதிப்பு உண்டு. தாவீது என்ற பெயரின் மூன்று எழுத்துகளைக் கூட்டினால் (4+6+4) 14 வரும். இரண்டாம் பகுதி 14இல் முடிவது, யோராமுக்கும் உசியாவுக்கும் இடையே அகசியா, யோவாசு, அமட்சியா என்னும் மூன்று அரசர்கள் விடுபட்டதால்தான். (மூன்றாம் பகுதியில் எக்கோனியாவை மீண்டும் எண்ணாவிட்டால் 13தான் வரும். எண்ணிப் பாருங்கள்!)

மூன்று மன்னர்களை விட்டவர் யாரைச் சேர்த்தார்? மாமனார் யூதாவால் அநீதிக்குள்ளாகி, முகத்திரையிட்டு அவர் வழியாகவே பிள்ளை பெற்ற தாமார். எரிகோ நகரின் விலைமகள் இராகாபு. இணைச்சட்ட நூல் ஆண்டவரின் சபையில் சேரக்கூடாது என்று ஒதுக்கிய மோவாபு இனத்தைச் சேர்ந்த ரூத்து. சாரா, ரெபேக்கா போன்ற குலத்தாயர் ஒருவரும் இல்லை.

நான்காமவரிடம் சற்று நிற்க வேண்டும். பத்சேபா என்று மத்தேயு எழுதவில்லை. உரியாவின் மனைவி என்கிறார். உரியா இத்தியர், தாவீதின் படைவீரர். அவர் மனைவியைக் கவர்ந்த தாவீது, போர்முனையில் அவர் சாகும்படி ஏற்பாடு செய்தார். மெசியாவின் வழிமரபில் உரியாவுக்கு இரத்தத் தொடர்பே கிடையாது. ஆயினும் கொலையுண்டவரின் பெயர் கொன்ற மன்னரின் பெயருக்குப் பக்கத்திலேயே நிற்கிறது. குலப்பெருமை பேச நினைப்பவர் முதலில் அழிக்கும் பெயர் அதுவாகத்தான் இருக்கும்.

கிரேக்க மூலத்தில் 'பெற்றார்' என்னும் வினை 39 முறை ஒரே வடிவில் வருகிறது. யோசேப்பிடம் வந்ததும் தொடர் முறிகிறது. யோசேப்பு இயேசுவைப் பெற்றார் என்று மத்தேயு எழுதவில்லை. யோசேப்பு மரியாவின் கணவர், மரியாவிடம் இயேசு பிறந்தார் என்று வினையின் வடிவத்தையே மாற்றிவிடுகிறார்.

அப்படியானால் தாவீதின் வழி இயேசுவை எப்படி எட்டியது? விடை அடுத்த வசனங்களில் இருக்கிறது. மரியா கருவுற்றிருப்பதை அறிந்து, மறைவாக விலக்கிவிட எண்ணியிருந்த யோசேப்பு, கனவில் வானதூதர் சொன்னபடி அவரை ஏற்றுக்கொள்கிறார். பிறந்த குழந்தைக்கு இயேசு என்று பெயரிடுகிறார். யூத மரபில் தந்தையாகப் பெயரிடுவது பிள்ளையைத் தன்னுடையதாக ஏற்பதாகும். 39 'பெற்றார்'களுக்குப் பின், தாவீதின் குலம் ஒரு தச்சரின் சம்மதத்தால் தொடர்கிறது.