திண்டுக்கற் சமவெளியிற் புயல்

புயல் என்பது நாகையார்க்கும் கடலூரார்க்கும் உரிய துன்பம் என்று எண்ணி வாழ்தல் நம்மூர் வழக்கம். நாகைக் கடற்கரையினின்று நேர்கோட்டில் ஏறக்குறைய 200 கிலோமீட்டர் உள்ளே, தெற்கே சிறுமலையும் மேற்கே பழனிமலைத் தொடரும் அரணென நிற்க, மழையையே ஏங்கி நோக்கும் நிலத்தில் வாழ்வார் அங்ஙனம் எண்ணுதல் வியப்பன்று. ஆயினும் நம்மிற் பலர் நினைவுக்கு எட்டிய காலத்துள்ளேயே இருமுறை அவ்வெண்ணம் பொய்யாயிற்று.

1977 நவம்பர் 12ஆம் நாள் விடியற்காலையில் நாகப்பட்டினத்திற்குச் சற்றுத் தெற்கே கரையேறிய கடும்புயல், தமிழ்நாட்டை ஊடறுத்து, மறுநாட் காலையிற் கேரளத்திற்கு அப்பால் அரபிக்கடலை அடைந்தது. தஞ்சை, திருச்சி, புதுக்கோட்டை ஆகிய உள்நாட்டு ஊர்களிலுங்கூடக் காற்று மணிக்கு ஏறக்குறைய 120 கிலோமீட்டர் வேகத்தில் வீசிற்று. 560 மக்களும் ஏறக்குறைய 23,000 கால்நடைகளும் மாண்டனர் என்பது கணக்கு. அந்நாளில் மதுரை மாவட்டத்தைச் சேர்ந்திருந்த வேடசந்தூர்ப் பகுதியில், அழகாபுரியிற் குடகனாற்றின் குறுக்கே கட்டப்பட்டிருந்த அணை உடைந்தது. ஒரு வாரத்திற்குள், 19ஆம் நாள், அதனினும் கொடிய புயல் ஆந்திரத்துத் திவிசீமையைப் பாழாக்கவே, நாட்டின் கண்ணீரெல்லாம் அங்குச் சென்றது. உள்நாட்டார் துயரம் பேசுவாரின்றி மறைந்தது.

கடலின் வெப்பமும் ஈரமுமே புயலுக்கு உணவு. நிலத்தில் ஏறியதும் அவ்வுணவு குன்றுதலால் காற்று தளரும். ஆனால் அது சுமந்துவந்த நீராவி உடனே தீர்ந்துவிடுவதில்லை. அவ்வீரக்காற்று மலைச்சரிவில் மோதி மேலெழுந்து குளிர்ந்து பெருமழையாகக் கொட்டும். நாம் அரணென்று நம்பிய மலைகளே நீரை வாங்கி நம்மேல் இறக்குகின்றன! கீழ்ப்பழனி மலையிற் பிறந்து வடக்கே ஓடி அமராவதியிற் கலக்கும் குடகனாறு, ஆண்டிற் பெரும்பகுதி வெறும் மணலாய்க் கிடப்பது. அம்மணலைக் கண்டு பழகிய கண்ணுக்கு அது ஆறென்றே தோன்றாது; ஆதலின் கரையோரம் தொழுவம் அமைத்தும் குடிசை போட்டும் வாழத் துணிகின்றோம்.

நிற்க. கடற்கரைக் குப்பங்களிற் பாட்டிமார் அறிந்த ஒன்றை நம் தெருவார் அறியார். அஃது காற்றின் திசைமாற்றம். நம் பகுதியிற் புயற்காற்று இடஞ்சுழியாகச் சுழல்வது. ஆகவே வீசுங்காற்றை எதிர்நோக்கி நிற்பவர்க்குப் புயலின் நடு வலப்புறத்தே, சற்றுப் பின்னாக இருக்கும். கிழக்கினின்று வரும் புயல் நமக்குத் தெற்கே கடக்குமாயின் வாடை கொண்டலாகிப் பின் தென்திசைக் காற்றாகும். வடக்கே கடக்குமாயின் வாடை கோடையாகித் தெற்கே திரும்பும். நடுவே நம்மேற் கடக்குமாயின், வாடை ஓய்ந்து அமைதி பிறந்து, சிறிது நேரத்தில் எதிர்த்திசையினின்று காற்று மீண்டும் அறையும். உள்நாட்டில் இவ்வமைதி தெளிவாகப் புலப்படாமலும் போகலாம். புலப்படின் அதனை நம்பி வெளியே வருபவரே தலையில் ஓடு விழப்பெறுவர்.

2018 நவம்பர் 15ஆம் நாள் இரவு கடந்து 16ஆம் நாள் பிறந்தபின், இலங்கை பெயரிட்ட 'கஜா' புயல் நாகைக்கும் வேதாரணியத்திற்கும் இடையே கரையேறிற்று. அன்றே திண்டுக்கல் வட்டாரத்தின் வழியாகக் கேரளம் நோக்கிச் சென்றது. கொடைக்கானல் மலையில் மரங்கள் சாய்ந்து வழிகள் அடைபட்டன; மின்சாரம் நின்றது. முன்னறிவிப்பில் இம்முறை குறையில்லை. கரையோரத்தில் எண்பதினாயிரத்திற்கு மேற்பட்டோர் முன்னதாகவே முகாம்களிற் சேர்க்கப்பட்டனர். அதே செய்தியை நம்மூரார் வேற்றூர்ச் செய்தியாகக் கேட்டுவிட்டு உறங்கப் போயினர். மின்கம்பம் சாய்ந்து கைப்பேசியும் ஊமையானபின், தெருவுக்கு எஞ்சியது பக்கத்து வீட்டாரின் குரல் ஒன்றே.

அக்குரல் செய்யவேண்டிய பணிகள் சில உள. தனித்திருக்கும் முதியோரை இருட்டுமுன் அழைத்துவருதல் முதலாவது. கண்மாய்க் கரையையும் மறுகாலையும் இருவர் மூவராகச் சென்று பார்த்தல் மற்றொன்று. தொழுவத்து மாடுகளை அவிழ்த்துவிடுதலை யாரும் மறத்தலாகாது. மாடு நீந்தவல்லது, முளைக்கயிறே அதனைக் கொல்வது. இவை யாவினும் பெரிது மண்சுவர் வீட்டாரின் நிலை. ஊறிய மண்சுவர் காற்றடிக்கும்போது நின்று, மழைவிட்ட மறுநாளோ அதற்கடுத்த இரவோ சரிவதுண்டு. வானம் வெளுத்ததென்று மகிழ்ந்து பிள்ளைகளை உள்ளே படுக்கவைத்த குடும்பங்கள் அங்ஙனம் மாண்டிருக்கின்றன. ஆகவே காரைவீட்டுக்காரர் புயலிரவுக்கு மட்டும் கதவு திறந்தாற் போதாது. வந்தவர் எத்தெருவார், எக்குலத்தார் என்று வாயிலில் நின்று வினவுவார் இன்றும் இலர் என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை. வினவாது ஏற்றவரும் விடிந்ததும் விடைகொடுத்து விடுகின்றனர். சுவர் உலரப் பல நாள் வேண்டும். அந்நாள்வரை அவர்களுக்குப் பாயும் அடுப்பும் அவ்வீட்டுத் திண்ணையிலேயே இருத்தல் வேண்டும்.