“கண்ணுக்குத் தெரியவில்லை” என்றால் குற்றமில்லையா?



காலை எட்டே முக்காலுக்கு நம் கல்லூரி முனையில் நின்று பார்த்திருக்கிறீர்களா? இடதுபக்கம் திரும்புவதற்காக லாரி மெதுவாகும். லாரிக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவில் கொஞ்சம் இடம் தெரியும். உடனே நம்ம பசங்க பைக்கை அதில் நுழைப்பார்கள். முதல் பீரியடுக்கு லேட் ஆகிவிடும் அல்லவா! அந்த இடத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

என் அப்பா லாரி டிரைவர். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். 2022 ஜூனில் அப்பா ஓட்டிய லாரி இடதுபக்கம் திரும்பும்போது, பைக்கில் வந்த ஒரு மாணவர் பின்சக்கரத்தில் சிக்கிவிட்டார். முழங்காலுக்குக் கீழே காலை எடுக்க வேண்டியதாயிற்று. அவருக்கு அப்போது வயது 18. இன்று எனக்கும் அதே வயது.

அப்பா ஓடிவிடவில்லை. ஓர் ஆட்டோவை நிறுத்தி அவரே தூக்கிக்கொண்டு போனார். வீட்டுக்கு வந்து ஒரே வார்த்தைதான் சொன்னார்: “சத்தியமா கண்ணுக்குத் தெரியல சாமி.”

அது பொய்யில்லை. ஆனால் சட்டத்துக்கு அது போதுமா? வீட்டுக்கு வந்த சம்மனைப் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அன்று தொடங்கிய என் பாடத்தை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

1. மறைவு என்பது என்ன?

லாரி டிரைவர் உயரத்தில், வலதுபக்கம் உட்காருகிறார். எனவே பம்பருக்கு நேர் முன்னால், இடது கதவுக்குக் கீழே, வண்டிக்கு நேர் பின்னால் என மூன்று இடங்கள் அவர் பார்வைக்கு மறைந்துவிடும். இதைத்தான் பிளைண்ட் ஸ்பாட் என்கிறோம். டிரைவர்கள் ‘மறைவு’ என்பார்கள். முன்பெல்லாம் இடதுபக்கம் கிளீனர் தலையை நீட்டி “வரலாம், வரலாம்” என்று குரல் கொடுப்பார். இன்று பல லாரிகளில் கிளீனரே கிடையாது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. திரும்பும்போது பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் வராது, உள்பக்கம் வெட்டும். நாம் படித்த பிதாகரஸ் தேற்றமே போதும். முன் அச்சின் நடுப்பகுதி 12 மீட்டர் ஆரத்தில் திரும்புகிறது, இரு அச்சுகளுக்கும் இடையே 5.5 மீட்டர் என்று வையுங்கள். பின் அச்சின் ஆரம் சுமார் 10.7 மீட்டர்தான் வரும். அதாவது பின்பகுதி 1.3 மீட்டர் உள்ளே வருகிறது. ஒரு பைக் நிற்கும் இடம் முழுவதும் அதில் போய்விடும்! இதனால்தான் டிரைவர்கள் முதலில் சற்று வலதுபக்கம் ஒதுக்கி, பிறகு இடதுபக்கம் திருப்புகிறார்கள். பின்னால் வருபவரோ “லாரி வலதுபக்கம் போகுது” என்று நினைத்து உள்ளே நுழைந்துவிடுகிறார்.

2. சட்டம் கேட்கும் கேள்வி

“தெரிந்ததா, தெரியவில்லையா?” என்பதோடு சட்டம் நிற்பதில்லை. “அங்கே தெரியாது என்று உனக்குத் தெரியுமே, அதற்கு என்ன செய்தாய்?” என்று கேட்கிறது. சிக்னல் போட்டாரா, கண்ணாடி பார்த்தாரா, வேகத்தைக் குறைத்தாரா, சந்தேகம் இருந்தால் நின்றாரா? இவற்றைச் செய்யாவிட்டால் மறைவு ஒரு சாக்கு ஆகாது. பழகிய டிரைவருக்கு மறைவு புதிதல்லவே!

3. ஒரு விபத்து, இரண்டு வழக்கு

முதலாவது குற்ற வழக்கு. அப்பா மீது அன்றைய இந்திய தண்டனைச் சட்டம் 279, 338 பிரிவுகளில் வழக்குப் போட்டார்கள். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. கவனக்குறைவால் உயிர் போனால் பழைய 304-ஏ பிரிவில் இரண்டு ஆண்டு வரை சிறை. இப்போது 106(1) பிரிவில் ஐந்து ஆண்டு வரை.

இரண்டாவது இழப்பீட்டு வழக்கு. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் 166-வது பிரிவின்படி விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் நடப்பது. இங்கே டிரைவர், ஓனர், இன்சூரன்ஸ் கம்பெனி மூவரும் எதிர்மனுதாரர்கள். வேலையின்போது டிரைவர் செய்த தவறுக்கு ஓனரும் பொறுப்பு. மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் கட்டாயம் என்பதால் பணத்தைப் பெரும்பாலும் கம்பெனி கட்டும். குற்ற வழக்கைப் போலச் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை. எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று பார்த்தால் போதும் என்று உச்ச நீதிமன்றம் 2009-இல் பிம்லா தேவி வழக்கில் கூறியது.

அடிபட்டவர் பக்கமும் தவறு இருந்தால் அந்தப் பங்கைக் கழிப்பார்கள். அப்பா சிக்னல் போட்டிருந்தார், பைக் இடதுபக்கமாக முந்த வந்தது. அதனால் டிரைவர் மீது 80, பைக் மீது 20 என்று தீர்ப்பாயம் பிரித்தது. கணக்கிட்டது 15 லட்சம், கிடைத்தது 12 லட்சம். போன காலுக்கு அது ஈடாகுமா என்று என்னைக் கேட்காதீர்கள்.

4. உடைந்த கண்ணாடி

டிரைவர் பங்கு ஏன் 80? பிரேக் இன்ஸ்பெக்டர் அறிக்கையில் ஒரு வரி இருந்தது: இடதுபக்கக் கண்ணாடி உடைந்துள்ளது. அதை மாற்றச் சொல்லி ஓனரிடம் அப்பா இரண்டு முறை சொல்லியிருந்தார். “அடுத்த டிரிப்புக்குப் பாத்துக்கலாம்” என்பதுதான் பதில். எல்லாம் வாய்ப்பேச்சு, எழுத்தில் ஒன்றும் இல்லை. உடைந்த கண்ணாடி என்று தெரிந்தும் வண்டியை எடுத்தது அப்பாவின் தவறு. அதை நான் மறைக்கவில்லை. ஆனால் குற்றப்பத்திரிகையில் ஓனர் பெயர் இல்லை. பணத்தை இன்சூரன்ஸ் கட்டிவிடும். தண்டனை வந்தால் அதை அப்பா ஒருவர்தான் அனுபவிக்க வேண்டும்.

கோர்ட் வராந்தாவில் அந்த அண்ணனைப் பார்த்தேன். திட்டுவார் என்று பயந்தேன். “உங்கப்பாதான் என்னைத் தூக்கிட்டுப் போனாரு” என்றார். பிறகு, “கண்ணாடி நல்லா இருந்திருந்தா நான் தெரிஞ்சிருப்பேனா?” என்று கேட்டார். பதில் தெரியாமல் நின்றேன். ஆட்டோமொபைல் பிரிவில் சேர்ந்ததற்கு அந்தக் கேள்வியும் ஒரு காரணம்.

இன்று பதில் தெரியும். பின்னாலிருந்து அவர் நெருங்கி வந்தது குவியாடியில் தெரிந்திருக்கும். கதவுக்குக் கீழே வந்த பிறகு, அந்த ஒரு கண்ணாடியில் தெரிந்திருக்காது. அந்தச் சில நொடிகள்தான் ஒரு காலின் விலை.

5. நினைவில் வைக்க

* லாரியின் கண்ணாடியில் டிரைவர் முகம் உங்களுக்குத் தெரியாவிட்டால், அவருக்கும் நீங்கள் தெரியமாட்டீர்கள்.
* திரும்பப்போகும் லாரிக்கு இடதுபக்கம் நுழையாதீர்கள். பின்னால் தள்ளி நில்லுங்கள்.
* இழப்பீட்டு மனுவுக்கு ஆறு மாதக் கெடு வைத்த திருத்தம் 2022 ஏப்ரல் 1 முதல் அமலில் வந்தது. தாமதிக்காதீர்கள்.
* யார் தவறு என்று நிரூபிக்காமலே 164-வது பிரிவில் உயிரிழப்புக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம் கேட்கலாம்.
* வீட்டில் டிரைவர் இருந்தால், வண்டியின் குறையை எழுதிக் கொடுத்து நகல் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். எழுதத் தெரியாதவர் என்றால் நீங்கள் எழுதுங்கள். படித்த நமக்கு அதைவிட என்ன வேலை?

நாளை நாம் ஒர்க்‌ஷாப்பில் நிற்கப் போகிறோம். கண்ணாடி உடைந்த ஒரு லாரி வரும். “அடுத்த டிரிப்புக்குப் பாத்துக்கலாம்” என்பார்கள். அன்றைக்கு அந்த அண்ணனின் கேள்வி உங்களுக்கு ஞாபகம் வந்தால் போதும்.



— இறுதியாண்டு மாணவன், ஆட்டோமொபைல் பிரிவு