தலைவர் எப்படியோ, ஆசிரியர் அப்படியா?

கேள்வி: கல்லூரித் தலைவரின் போக்கு ஆசிரியர்களின் வேலையைப் பாதிக்குமா?

பதில்: சந்தேகமின்றிப் பாதிக்கும். 1942 முதல் 1969 வரை சென்னை சர்வகலாசாலையின் துணைவேந்தராக வீற்றிருந்த டாக்டர் ஏ. லக்ஷ்மணசுவாமி முதலியார், தாம் பிரசவ வைத்திய நிபுணரேயன்றிப் பௌதிக சாஸ்திரி அல்லர் என்பதை உணர்ந்தவராகையால், சர் சி. வி. ராமனின் சிபாரிசை ஏற்று, முப்பதை ஒட்டிய வயதினரான ஜி. என். ராமச்சந்திரனை 1952-இல் பௌதிகத் துறைக்குத் தலைவராக்கி, ஆராய்ச்சியின் திசையை அவருடைய இஷ்டத்துக்கே விட்டார். கங்காரு வாலின் தசைநாரை எக்ஸ்-ரே படமெடுத்து ஆராய்ந்த ராமச்சந்திரனும் அவருடைய சக ஆராய்ச்சியாளரான கோபிநாத் கர்த்தாவும், 1954-இல், கொலாஜன் என்னும் புரதம் மூன்று இழைகளாலானது என்று உலகுக்கு அறிவித்தனர்.

சுதந்திரம் சோம்பேறிக்கும் சௌகரியந்தான். ஆதலால் கண்டிப்பையெல்லாம் ஆளைத் தேர்ந்தெடுக்கும்போதே காட்டிவிட வேண்டும். நம் தலைவர்களில் பலரோ அதை வருகைப் பதிவேட்டுக்கென்று மிச்சம் பிடித்து வைக்கிறார்கள்.