கூடுதல் ஒளிக்கு எந்த லேசர்?

சொந்தமாக ஒரு லேசர் புரொஜெக்டர் வைத்துக்கொண்டு கூடத்துச் சுவரில் கோலமும் எழுத்தும் வரைந்து மகிழும் அன்பர்களுக்கு, நாளடைவில் அதன் ஒளி போதவில்லை என்ற அதிருப்தி உண்டாவது இயல்பே. 1973-ஆம் ஆண்டில் லாஸ் ஏஞ்சல்ஸின் கிரிஃபித் வானாய்வகத்தில் ஐவன் டிரையர் ‘லேசேரியம்’ காட்சியைத் தொடங்கியபோது, ஒரு வாட் கிரிப்டான் லேசரைக் கொண்டே அந்தக் கோளரங்கத்து விதானத்தில் வர்ண ஜாலங்கள் நிகழ்த்தினார் என்பதை நினைத்தால், கூடத்துக்கு இரண்டு வாட் தேடும் ஆசை சற்றுத் தணியக்கூடும்.

முதலில் அறிய வேண்டிய விஷயம், விற்பவர் சொல்லும் மில்லிவாட் கணக்கு வேறு, கண் உணரும் பிரகாசம் வேறு என்பதே. பகல் வெளிச்சத்துக்குப் பழகிய மனிதக் கண்ணின் கூர்மை 555 நானோமீட்டர் அலைநீளத்தில் உச்சத்தை அடைவதால், அதற்கு அருகிலுள்ள 532 பச்சை, அதே சக்தியுள்ள 650 சிவப்பைவிட ஏறக்குறைய எட்டு மடங்கு பிரகாசமாகத் தோன்றும். ஆகவே சிவப்பு மங்கலாயிருந்தால், சக்தியைக் கூட்டாமல், 650-ஐ நீக்கி 638 டயோடைப் பொருத்தினாலே கிட்டத்தட்ட இரு மடங்கு பலன் கிடைக்கிறது. செலவுக்குத் தகுந்த லாபம் இதைப்போல் வேறெதிலும் இல்லை.

பச்சையில்தான் தடுமாற்றம் அதிகம். பழைய வகைப் பச்சை லேசர், 808 நானோமீட்டர் அகச்சிவப்பு டயோடால் ஒரு வனடேட் படிகத்தைத் தூண்டி, அதில் பிறக்கும் 1064-ஐ இன்னொரு படிகத்தின் வழியே 532 ஆக மாற்றுவது. அதன் கிரணம் மெல்லியதாகவும் வட்டமாகவும் இருப்பதால் புகை நடுவே வெகு அழகாகத் தெரியும். ஆனால் உஷ்ணம் சிறிது மாறினாலும் ஒளி ஏறி இறங்கும். வேகமாக அணைத்து ஏற்றினால், எழுத்தின் முனைகள், ஈரம் காயாத மையின்மேல் விரல் பட்டதுபோல் இழுபட்டு நிற்கும். மலிவுச் சரக்கில் அகச்சிவப்பு வடிகட்டியே இராமல் போவதும் உண்டு: 10 மில்லிவாட் என்று விற்ற ஒரு பச்சைச் சுட்டி, கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பைச் சுமார் 20 மில்லிவாட் உமிழ்ந்ததை அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனம் 2010-இல் எடுத்துக்காட்டியது. நேரடி 520 டயோடில் இந்த உபத்திரவங்கள் இல்லை. அதே சக்தியில் பிரகாசம் ஐந்தில் ஒரு பங்கு குறையும் என்பது உண்மைதான். எனினும் எழுத்தும் சித்திரமும் விரும்புகிறவர்கள் தயங்காமல் இதையே எடுக்கலாம் என்பது என் அபிப்பிராயம்.

ஒரு வாட் டயோடு வாங்கிவிட்டால் எல்லாம் சித்தித்துவிடும் என்று நம்ப வேண்டாம். அத்தகைய டயோடுகளின் கிரணம் புள்ளியாக விழாமல் பட்டையாக விழும். கிரணத்தை ஆட்டிச் சித்திரம் வரையும் கால்வோவின் சிறு கண்ணாடிகளில் அடங்காமல் விளிம்பில் வழிந்து, பெட்டிக்குள்ளேயே சிதறி, சுவரில் தடித்த கோடாக முடியும். குறைந்த சக்தியில் இயக்கி, கால்வோவுக்கு முன் ஒரு வெள்ளை அட்டையைப் பிடித்தால் அந்த நீண்ட பட்டை தெளிவாகத் தெரியும். அதைச் சீராக்க உருளை லென்சுகள் வேண்டும். மேலும் பழைய டிரைவர் புதிய டயோடுக்குரிய மின்னோட்டத்தைத் தராது. வெப்பம் கடத்தும் அலுமினியத் தகடும் பெரிதாக வேண்டும்.

அபாயமோ சக்தியோடு வளர்வது. 500 மில்லிவாட்டைத் தாண்டிய லேசர் நான்காம் வகுப்பைச் சேர்ந்தது. சுவரில் பட்டுச் சிதறும் ஒளியும் அருகிலிருந்து நோக்கும் கண்ணைக் கெடுக்கக்கூடும், துணியும் தீப்பற்றக்கூடும். கால்வோ திடீரென நின்றால் கிரணம் முழுவதும் ஒரே புள்ளியில் நிலைக்குமாதலால், அந்நேரத்தில் ஒளியைத் துண்டிக்கும் பாதுகாப்புச் சாதனம் அவசியம். கிரணத்தைப் பார்வையாளரின் தலைக்கு மேலேயே செலுத்துங்கள். விமானம் பறக்கும் வானத்தை நோக்கி ஒருபோதும் திருப்பாதீர்கள்.

வீட்டு உபயோகத்துக்கு, நூறு மில்லிவாட் அளவில் மெல்லிய கிரணமுள்ள 520 பச்சையும், அதற்கு ஈடுகொடுக்கும் 638 சிவப்பும் தாராளம். மிஞ்சும் பணத்தில் ஒரு புகை யந்திரம் வாங்கலாம். ஆனால் அதற்கெல்லாம் முன்னால், இவ்விரு அலைநீளங்களையும் தடுக்கும் காப்புக் கண்ணாடியை வாங்கிவிடுங்கள்.